சிரித்து எடுத்தார்களா?

இப்போதெல்லாம் ஷாட் முடிந்ததும் நடிகர்கள் ஒரு குட்டி டி.வி.யைப் பார்க்க ஓடுகிறார்கள். மானிட்டராம். அழுதது சரியாக விழுந்திருக்கிறதா, ஒட்டு மீசை நேராக இருக்கிறதா, எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். கடைசியாக நான் நடித்த படத்தில் ஓர் உதவி டைரக்டர், "நீங்களும் வந்து பாருங்கய்யா" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனார். பார்த்தேன். என் மூஞ்சி இருந்தது. "சரிங்க, இதுல தெரியுது. பிலிமுலயும் இது விழுந்திருக்குதா?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அந்தக் காலத்தில் எப்படி இருந்தது என்று நான் ஆரம்பித்ததும், "எழுதிக் குடுங்களேன், நல்லா இருக்கும்" என்றார். பேச்சிலிருந்து தப்பிக்கத்தான் அப்படிச் சொன்னார், அது எனக்குத் தெரியாதா? இருந்தாலும் எழுதுகிறேன்.

பட உலகில் என் பெயர் 'கேட்' சின்னுசாமி. ஐம்பது வயதைத் தாண்டித்தான் முதல்முதலாக மூஞ்சியில் பவுடர் போட்டேன். அதுவரை ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் கேட்டில் நின்றவன். சாயங்காலம் பழம் பறித்துவிட்டு வரும் ஆட்களின் பை, கூடை, தலைத்துண்டு, சோற்றுத் தூக்கு எல்லாவற்றையும் திறந்து பார்ப்பது என் வேலை. தூக்குக்குள் பழைய சோறு, சோற்றுக்கு அடியில் காபிப் பழம். இடுப்பில் குழந்தை, குழந்தையின் குல்லாவுக்குள் காபிப் பழம். எல்லாம் பார்த்தாயிற்று. நான் நின்றவரைக்கும் அந்தக் கேட்டைத் தாண்டி ஒரு கைப்பிடி வெளியே போனதில்லை. போனதாக யாராவது சொன்னால், சொல்கிறவன் பையை முதலில் பார்க்க வேண்டும்.

எழுபதுகளின் கடைசியில் மெட்ராஸிலிருந்து ஒரு படக் கம்பெனி வந்தது. எங்கள் எஸ்டேட்டில்தான் ஷூட்டிங். முதல் நாளே அவர்கள் காரைக் கேட்டில் நிறுத்தி, டிக்கியைத் திறக்கச் சொன்னேன். முன் சீட்டில் இருந்த புரொடக்ஷன் மேனேஜர் எகிறினார்.

"உள்ள யாரு உக்காந்திருக்காருன்னு தெரியுமாய்யா? டைரக்டர்!"

"இருக்கட்டுங்க. டைரக்டர் டிக்கின்னாலும் டிக்கிதானுங்க. தொறங்க."

பின் சீட்டிலிருந்து கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதர் இறங்கி வந்து, தானே டிக்கியைத் திறந்து காட்டினார். நான் உள்ளே பார்க்கும்போது அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதற்குப் பார்க்கிறார் என்று எனக்கு உடனே சந்தேகம். அவர் படத்தில் ஒரு வாட்ச்மேன் வேஷம் இருந்ததாம். அதற்காக வந்த மெட்ராஸ் நடிகர் மலைப்பாதை வளைவுகளில் குடலே வெளியே வரும்படி வாந்தி எடுத்து லாட்ஜில் சுருண்டு கிடந்தார். "இப்ப எப்படிப் பார்த்தீங்களோ, அதே மாதிரி நாளைக்குப் பாருங்க, போதும்" என்றார் டைரக்டர். என்னைக் கிண்டல் செய்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். மறுநாள் சட்டைக்கு அளவெடுக்க ஆள் வந்தபோதுகூட நம்பவில்லை.

அப்புறம் மளமளவென்று வேஷங்கள் வந்தன. மருமகளை நம்பாத மாமனார், எதிர் வீட்டை எட்டிப் பார்க்கிற ஆள், அடகுக் கடைக்காரர், "எங்கடா போயிட்டு வர்றே?" என்று கேட்கிற அப்பா. என் மூஞ்சிக்கு வேறு எதைக் கொடுப்பார்கள்? கேமராவைப் பார்க்காமல் பேசவும், தரையில் சாக்பீஸ் கோடு போட்ட இடத்தில் குனியாமல் போய் நிற்கவும், உதவி டைரக்டர் பின்னால் இருந்து எடுத்துக் கொடுக்கிற வசனத்தைக் காதில் வாங்கி என் வார்த்தை மாதிரி சொல்லவும் இரண்டு மூன்று படங்களில் பழகிக்கொண்டேன். எஸ்டேட் வேலையை விட்டேன். படம் இருந்தால் மெட்ராஸ், இல்லாவிட்டால் மலைமேல் மஞ்சக்குட்டையில் எங்கள் வீடு.

கிழவன் வேஷம் என்றால் பாதிப் படத்தில் செத்துத்தான் ஆக வேண்டும். அதனால் சாவது எப்படி என்று கொஞ்சம் சொல்கிறேன். மூச்சை முழுக்க இழுத்துப் பிடிக்கக் கூடாது, நெஞ்சு தூக்கிக் காட்டிக் கொடுத்துவிடும். பாதி விட்டுப் பாதியில் நிறுத்த வேண்டும். மூக்கில் பஞ்சு இருக்கும், தாடையைத் துணியால் கட்டியிருப்பார்கள். உதட்டில் விட்ட சிறு இடைவெளிதான் மூச்சுக்கு வழி. மூடிய கண்ணுக்குள் முழி உருண்டால் இமையில் தெரியும், ஆகவே உள்ளேயே ஓர் இடத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டும். ஈ உட்கார்ந்தால் உட்காரட்டும். மெட்ராஸில் பிரச்சினை ஈ, எங்கள் மலையில் பிரச்சினை குளிர். பிணம் நடுங்கினால் என்ன செய்வது? வேட்டிக்கு அடியில் சாக்குப் பை சுற்றிக்கொள்ள வேண்டும்.

இதில் ஒரு வழக்கம் உண்டு. செத்த மாதிரி நடித்தவரை அப்படியே எழுப்பி அனுப்ப மாட்டார்கள். கேமராவை மறுபடி ஓடவிட்டு, எழுந்து உட்கார்ந்து சிரிக்கச் சொல்லி எடுப்பார்கள். பூசணிக்காய் சுற்றி உடைப்பார்கள். கடைசியாகப் பிலிமில் இருப்பது சாவு இல்லை, சிரிப்பு. அதுதான் கணக்கு. அந்தச் சிரிப்பை யாரும் கழுவிப் பிரிண்ட் போட்டுப் பார்க்க மாட்டார்கள். படத்தில் வராது. எடிட்டர்கூடத் தொட மாட்டார்.

என் மனைவி பாவாயிக்கு இந்த வழக்கம் உயிர். அவளுடைய தாய்மாமன் கூத்தில் பிணமாகப் படுத்தவர், எழுந்து சிரிக்காமல், வேஷத்தைக்கூடக் கலைக்காமல் வீட்டுக்குப் போய்த் தூங்கியவர், அந்த மாதமே போய்விட்டார். அவருக்கு ஈரல் கெட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. அதைச் சொன்னால் எடுபடாது. ஒவ்வொரு முறை நான் செத்துவிட்டு ஊருக்கு வரும்போதும், செருப்பைக் கழற்றும் முன்னே கேள்வி வரும்.

"ஏனுங்க, சிரிச்சு எடுத்தாங்களா?"

"எடுத்தாங்க."

"கேமராக்குள்ள பிலிமு இருந்துச்சுங்களா?"

"இருந்துச்சுன்னு சொன்னாங்க."

"சொன்னாங்கன்னா? நீங்க பாத்தீங்களா?"

கேட்டில் அத்தனை வருஷம் நின்ற எனக்கே தோன்றாத கேள்வி! அவள் முதல்முறை அப்படிக் கேட்ட அன்று எனக்குள்ளும் அது புகுந்துகொண்டது. யோசித்துப் பாருங்கள். பிலிம் விலை என்ன, கிராக்கி என்ன! யாருமே பார்க்கப் போகாத ஒரு சிரிப்புக்கு எந்தக் கம்பெனிக்காரன் நல்ல பிலிமை ஓட்டுவான்? வெறும் கேமரா ஓடினாலும் அதே கிர்ர் சத்தம்தான். பெரிய நட்சத்திரம் என்றால் ஒருவேளை பிலிம் போடுவார்கள். கேட் சின்னுசாமிக்குப் போடுவார்களா? அன்றிலிருந்து ஒவ்வொரு சிரிப்பு ஷாட்டிலும் நான் கேமராமேன் முகத்தைத்தான் பார்த்தேன். ஒருவனும் நேராக என்னைப் பார்த்ததில்லை.

இப்படியிருக்க, எண்பதுகளின் நடுவில் அந்தக் கண்ணாடி டைரக்டர் ஆள் அனுப்பினார். மகளின் கல்யாணத்தையே நம்பாத ஒரு மலை விவசாயியின் கதை. கதை முழுக்க அப்பன் தோளில்தான். அந்த அப்பன் நான். எங்கள் மலையிலேயே, மாரமங்கலம் பக்கம் எடுத்தார்கள். வீட்டுச் சோறு சாப்பிட்டுவிட்டு ஜீப்பில் போய் நடித்துவிட்டு வரலாம்.

அந்த மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கத்த மாட்டார். லைட் பாயிலிருந்து கதாநாயகன் வரை எல்லோரையும் 'வாங்க, போங்க'தான். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைப்பார். அவர் துடைக்க ஆரம்பித்தால் யூனிட்டே மூச்சுவிடாது. துடைத்து முடித்துப் போட்டுக்கொண்டு ஒரே ஒரு வார்த்தை சொல்வார், அதற்கு மேல் பேச்சில்லை. சாமி, பூஜை, எலுமிச்சம்பழம் எதுவும் அவர் செட்டில் கிடையாது. கேமராவுக்குக் கற்பூரம் காட்டிய ஓர் அசிஸ்டன்ட்டை, "அதுக்குச் சளி பிடிச்சிருக்கா?" என்று கேட்டவர்.

பாவாயி இதைக் கேள்விப்பட்டதும் ஆட்டம் கண்டுவிட்டாள்.

"அப்ப நீங்க பாடையில படுக்காதீங்க. அந்த வேசத்த வேற ஆருக்காச்சும் குடுக்கச் சொல்லுங்க."

"கதையே அதுலதான புள்ள முடியுது?"

"அப்படின்னா சிரிச்சு எடுத்தாத்தான் எந்திரிச்சு வரணும். சேர்வராயன் சாமி மேல சத்தியம் பண்ணுங்க."

பண்ணினேன். வேறென்ன செய்ய?

கடைசி நாள். சவ ஊர்வலம். காலையில் டைரக்டரிடம் தனியாகப் போய்க் கேட்டேன். "சார், முடிஞ்சதும் ஒரு சிரிப்பு ஷாட்டு..." அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். "பார்க்கலாம்" என்றார். பார்க்கலாம் என்று சொன்னவர்கள் யாரும் என் அனுபவத்தில் பார்த்ததில்லை. நேராகப் போய்ப் புரொடக்ஷன் வேனுக்குள் தலையை விட்டுத் தேடினேன். பூசணிக்காய் இல்லை.

"பூசணிக்காயா? மத்தியானத்துக்குப் பொரியல் கத்திரிக்காய்ங்க" என்று சிரித்தார் மேனேஜர். அந்தச் சிரிப்பே எனக்குப் பிடிக்கவில்லை.

கேமரா அசிஸ்டன்ட் ஒரு கறுப்புத் துணிப் பைக்குள் இரண்டு கையையும் முழங்கை வரை விட்டு எதையோ துழாவிக்கொண்டிருந்தார். பிலிம் பெட்டியில் பிலிம் மாற்றுகிறாராம். "இதாங்க கடைசி டப்பா" என்று கேமராமேனிடம் சொன்னது என் காதில் விழுந்தது. சாவுக்கே அது போதுமா, சிரிப்புக்கு எங்கே மிஞ்சும்?

பாடை தூக்க மாரமங்கலத்து விவசாயிகள் நால்வரைப் பிடித்திருந்தார்கள். முன்பக்கம் வெள்ளையன். என் வயதுதான், காபியும் மிளகும் போட்டிருக்கிறவர், பேச்சு கறார். என் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டி, நெற்றியில் காசு ஒட்டி, மூக்கில் பஞ்சு வைத்துப் படுக்கப் போட்டதும் அவர் குனிந்து கேட்டார். "ஏனுங்க, முடிஞ்சா உங்களச் சிரிக்க வெச்சு எடுப்பாங்களாம்ல? எங்கூட்டுல சொன்னாங்க." பாவாயியின் வேலை! மஞ்சக்குட்டையிலிருந்து மாரமங்கலம் வரை சொல்லி வைத்திருக்கிறாள்.

சரிவில் ஏறவும் இறங்கவுமாகப் பல முறை தூக்கினார்கள். மூடுபனி வந்தது, போனது, மறுபடி வந்தது. நான் பாதி மூச்சில் கிடந்தேன். கடைசியில் டைரக்டரின் மெல்லிய குரல் கேட்டது. "கட். நல்லா இருந்துச்சு. பேக்கப்."

பேக்கப்! சிரிப்பு இல்லை, ஒன்றும் இல்லை. அசிஸ்டன்ட் ஓடி வந்து, "எறக்குங்க, எறக்குங்க" என்றார். பாடை தோளில் இருக்கும்போதே எட்டித் தாடைத் துணியை அவிழ்த்து, பஞ்சையும் காசையும் எடுத்தார். நான் எழுந்திருக்கவில்லை.

"எந்திரிங்கய்யா."

"சிரிப்பு ஷாட்டு எடுக்கச் சொல்லுங்க. எந்திரிக்கிறேன்."

டைரக்டர் பாடைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். கண்ணாடி கையில் இருந்தது.

"சின்னுசாமி, நான் அதெல்லாம் பண்றதில்ல, உங்களுக்குத் தெரியும். அடுத்த படமும் உங்களை மனசுல வெச்சுத்தான் எழுதிட்டிருக்கேன். கொஞ்சம் யோசிங்க."

மிரட்டுகிறாரா, ஆசை காட்டுகிறாரா? இரண்டும்தான். அந்த வயதில் எனக்கு இன்னொரு கதாநாயக வேஷம் வேறு யார் தருவார்? எழுந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. சத்தியம் செய்யும்போது பாவாயியின் முகம் இருந்த இருப்பு ஞாபகத்துக்கு வந்தது. கண்ணை மூடிக்கொண்டேன்.

கீழேயிருந்து வெள்ளையனின் குரல் வந்தது. "ஏனுங்க சாமி, உசுரோட இருக்கற மனுசன நாங்க பாடையில தூக்கிட்டு வந்திருக்கறமுங்க. இவரு சிரிக்காம எறக்கிட்டுப் போனா எங்கூட்டுப் பொம்பளைங்க எங்களை உள்ள உடுவாங்களாங்க? நாங்க எறக்க மாட்டமுங்க." மற்ற மூன்று பேரும், "ஆமாங்க, அதானுங்க" என்றார்கள். தோள் வலியில் எல்லோரும் முனகிக்கொண்டுதான் சொன்னார்கள்.

டைரக்டர் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். கேமராமேன் தொண்டையைச் செருமி, "கொஞ்சம் மிச்சம் இருக்கு சார்" என்றார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டைரக்டர் லேசாகத் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பு எனக்கு நல்லதாகப் படவில்லை. சும்மா ஓட்டு, கிழவன் எழுந்து தொலையட்டும் என்கிற மாதிரி இருந்தது.

"உள்ள பிலிமு இருக்குதுங்களா?" என்று நேராகவே கேட்டுவிட்டேன்.

கேமராமேனுக்குச் சுருக்கென்றது. "என்னைய்யா, திருடன்னு சொல்றியா?"

"பெட்டியத் தொறந்து காட்டுங்க, நம்பறேன்."

யூனிட்டே கொல்லென்று சிரித்துவிட்டது. அசிஸ்டன்ட்தான் எனக்கு விளக்கினார். பெட்டியைத் திறந்தால் வெளிச்சம் பட்டு உள்ளே இருக்கிற பிலிம் கறுத்துப் போகும். அன்றைக்கு நான் செத்த சாவு முழுக்க அதற்குள் இருக்கிறது. அத்தனையும் வீண். எனக்கு அவமானமாகப் போயிற்று. வாழ்நாளெல்லாம் பை திறந்து பார்த்துப் பிழைத்தவனுக்கு, திறந்தால் உள்ளே இருப்பதே அழிந்துபோகிற பெட்டியைக் காட்டி நம்பு என்கிறார்கள். இப்படியும் ஒரு தொழிலா!

"சரி, ஓட்டுங்க" என்றேன். தோளில் இருந்த பாடையிலேயே எழுந்து உட்கார்ந்தேன். வெள்ளையன், "மெல்லங்க, ஆடாதீங்க" என்றார். கேமரா கிர்ர் என்றது.

"சிரிங்க" என்றார் டைரக்டர்.

வரவில்லை. பல்லைக் காட்டினேன், அவ்வளவுதான். பிலிம் இல்லை, இல்லை, இல்லை என்று மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போது எப்படிச் சிரிப்பது? அப்படியே பார்வையைக் கேமராவுக்குப் பின்னால் ஓட்டினேன். கீழே பாதையோரம், கூட்டத்தை மறிக்கக் கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம், ஷேர் ஜீப்பிலிருந்து இறங்கிய பாவாயி நின்றிருந்தாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேனேஜரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அவர் கைக்கடிகாரத்தைக் காட்டி ஏதோ சொல்ல, இவள் தன் சோற்றுத் தூக்கை அவர் மூக்குக்கு நேராக ஆட்டினாள்.

"அங்க படுத்திருக்கறது எங்கூட்டுக்காரருங்க! என்னைய உடமாட்டேங்கறதுக்கு நீ ஆரு? மொதல்ல நீ பூசணிக்காய் வாங்கிட்டு வந்தியா? சொல்லு!"

மேனேஜர் பின்னால் நகர்ந்து நகர்ந்து, கயிறு தடுக்கிப் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். அவள் திரும்பக்கூட இல்லை. எனக்காக ஒற்றை ஆளாய் ஒரு படக் கம்பெனியை எதிர்த்து நிற்கிற அந்த முதுகைப் பார்த்தேன். எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை, சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தேன். பாடையே குலுங்கியது.

"கட்" என்றார் டைரக்டர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் காரில் ஏறிப் போய்விட்டார்.

பாவாயி மேலே ஏறி வந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. முந்தானையால் என் நெற்றியைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "சிரிச்சு எடுத்தாங்களா?" எடுத்தாங்க என்றேன். என் குரலே எனக்கு நம்பிக்கையாக இல்லை, அவளுக்கு எப்படி இருக்கும்?

அன்றைய குளிர் நெஞ்சில் இறங்கிக் காய்ச்சலில் விழுந்தேன். சேலம் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது அவள் தலைமாட்டில் உட்கார்ந்து, "ஏமாத்திப் போட்டாங்க, எனக்குத் தெரியும், ஏமாத்திப் போட்டாங்க" என்று வாயை மூடாமல் அழுதாள். எனக்கும் பயம்தான். சாகிறதைப் பற்றிக்கூட இல்லை. செத்தால் இவள் மிச்ச நாளெல்லாம் அந்தக் கேமராமேனைச் சபித்துக்கொண்டே இருப்பாளே என்று. நல்லவேளை, பிழைத்துக்கொண்டேன். டைரக்டரிடமிருந்து தகவலே இல்லை. அடுத்த பட வேஷமும் போச்சு, சிரிப்பும் எடுத்திருக்க மாட்டார்கள், இரண்டும் கெட்டது என்று முடிவு கட்டிவிட்டேன்.

படம் வெளியானது. சேலத்தில் ஒரு தியேட்டருக்கு இருவரும் போனோம். படத்தில் என்னைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனபோது பாவாயி முகத்தை மூடிக்கொண்டாள். அதற்கப்புறம் மகள் தனியாக வீட்டுக்கு வருகிறாள், கதவைத் திறக்கிறாள், அப்பனை நினைக்கிறாள். திரை முழுக்க என் முகம். பின்னால் மூடுபனி. சிரிக்கிறேன். கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரிக்கிறேன். அதோடு படம் முடிந்தது.

பிலிம் இருந்திருக்கிறது! அந்த மனிதர் கழுவிப் பார்த்திருக்கிறார், படத்திலேயே வைத்துவிட்டார். தியேட்டரில் மூக்கை உறிஞ்சாத ஆள் இல்லை. எனக்குக் குதிக்க வேண்டும் போல் இருந்தது. "பாத்தியா, எடுத்திருக்காங்க பாரு!" என்று பாவாயி பக்கம் திரும்பினேன்.

அவள் அழவில்லை. திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஆரு அவ?" என்றாள்.

"எவ?"

"அங்க நின்னாளே, நீங்க பாத்துச் சிரிச்சீங்களே, அவ."

"அட, உன்னையத்தான் பாத்தேன் புள்ள! நீ மேனேஜர்கூடச் சண்டை போட்டுட்டிருந்த..."

"காதுல பூச்சுத்தாதீங்க. என்னையப் பாத்து நீங்க ஒரு நாளாச்சும் இப்படிச் சிரிச்சிருக்கீங்களா? எனக்குத் தெரியாதா உங்க மூஞ்சி?"

பஸ்ஸில் மலை ஏறும்வரை ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். சாட்சிக்கு வெள்ளையனை வீட்டுக்கே கூட்டி வந்தேன். அவர், "நான் பாடைக்கு அடியில இருந்தனுங்க, இவரு மூஞ்சிய நான் எங்க பாத்தேன்?" என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்துவிட்டுப் போனார். டைரக்டர் அடுத்த படத்துக்கு என்னைத்தான் கூப்பிட்டார், அதற்கடுத்ததற்கும் கூப்பிட்டார். நடித்தேன், பேர் கிடைத்தது. அது எதுவும் வீட்டில் எடுபடவில்லை.

இப்போது நடிப்பதை விட்டாயிற்று, முட்டி ஒத்துழைப்பதில்லை. நாளெல்லாம் நாங்கள் இருவர்தான். கேமரா இல்லை, பிலிம் இல்லை. அடுப்படியில் அவள் ஏதாவது முணுமுணுத்துக்கொண்டிருக்கும்போது எனக்குத் தானாகவே சிரிப்பு வருகிறது. நான் சிரிப்பதைப் பார்த்தால், அவள் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு, தனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கிறாள்.